பதினான்காவது நிமிடத்து ஆணி

சொந்த வீட்டின் நன்மைகளைப் பற்றி என்னைப்போல் பேச இன்னொரு ஆள் கிடையாது. இது தற்பெருமை இல்லை, எங்கள் மேனேஜரே சொல்லியிருக்கிறார். வீட்டுக்கடன் கொடுக்கும் நிறுவனம் ஒன்றில் எனக்கு வேலை. ஞாயிற்றுக்கிழமைதோறும் காலை பத்து மணிக்கு, அலுவலகத்தின் இரண்டாவது மாடியில் நாற்பது நாற்காலி போட்டு, வருகிறவர்களுக்கு டீயும் பிஸ்கட்டும் கொடுத்து, இலவசமாக ஒரு கூட்டம் நடத்துவோம். பேசுவது நான். வாடகை என்பது ஓட்டைக் குடத்தில் ஊற்றுகிற தண்ணீர் என்பேன். இருபது வருஷம் கழித்து வாடகைக்காரர் கையில் ரசீதுக் கட்டு இருக்கும், தவணை கட்டியவர் கையில் வீடு இருக்கும் என்பேன். பிள்ளைகள் பள்ளிக்கூடம் மாற வேண்டாம், மூட்டை கட்ட வேண்டாம், வயதான காலத்தில் 'காலி பண்ணுங்க' என்று சொல்ல எவனும் இருக்க மாட்டான் என்பேன். எல்லாம் உண்மைதான். அதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது.

பொய் பதினான்காவது நிமிடத்தில் வரும்.

டீ குடித்தவர்களுக்குக் கண் சொருக ஆரம்பிக்கிற நேரம் அது. நான் மைக்கைக் கொஞ்சம் கீழே இறக்கி, "ஒரு சொந்த விஷயம் சொல்லலாமா?" என்று கேட்பேன். வேண்டாம் என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. பின்னால் திரையில் குழந்தை வரைந்த ஒரு படம் விழும். ஒரு கதவு, இரண்டு ஜன்னல், வாசலில் கைகோத்துக்கொண்டு மூன்று பேர்.

"என் பொண்ணு ஆறு வயசுல வரைஞ்சது. ஹால் சுவத்துல மாட்டணும்னு ஆசைப்பட்டா. ஒரே ஒரு ஆணி அடிச்சேங்க. சத்தம் கேட்டு வீட்டுக்காரர் வந்துட்டார். எப்பவும்போல விரல் முட்டியால சுவத்தை டொக் டொக்னு தட்டிப் பாத்தார். 'இது உங்க சுவரில்ல, கழட்டுங்க'ன்னார். கழட்டிட்டேன். என் பொண்ணு படத்தைக் கையில வச்சுக்கிட்டு என்னையே பாத்தா. 'அப்பா, நம்ம சுவர் எங்கப்பா இருக்கு?'ன்னு கேட்டா."

இந்த இடத்தில் என் குரல் உடையும். ஆறு வருஷமாக இதே இடத்தில்தான் உடைகிறது. பெண்கள் கைக்குட்டையைத் தேடுவார்கள், ஆண்கள் விண்ணப்பப் படிவத்தைத் தேடுவார்கள். "அன்னிக்கு ஒரு முடிவெடுத்தேன்" என்று சொல்லிவிட்டு ஒரு வாய் தண்ணீர் குடிப்பேன். என்ன முடிவு என்று சொல்ல மாட்டேன். வீடு வாங்கிவிட்டேன் என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை. வாங்கவில்லை என்றும் சொன்னதில்லை. அலுவலகத்தில் எனக்கு 'ஆணி சார்' என்றே பெயராகிவிட்டது.

ஆணி சார் வாடகை வீட்டில் இருக்கிறார் என்பது அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. எங்கள் நிறுவனத்திலேயே, அப்போது இருந்த மேனேஜரிடம், ஒரு தடவை கடனுக்கு விண்ணப்பித்தேன். என் சம்பளத்துக்குக் கொடுக்க முடியாது என்று திருப்பி அனுப்பினார்கள். நன்மைகளைப் பேசத் தகுதியான ஆள், அனுபவிக்கத் தகுதியில்லாத ஆள். அதை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது.

நாங்கள் குடியிருக்கும் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்கிறேன். எழுபத்திரண்டு வயது. மனைவி போய்ச் சேர்ந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. சுவர்ப் பூச்சு வேலை செய்தவர். நாற்பது வருஷம் ஊரார் வீட்டுக்கெல்லாம் பூசிவிட்டு, லீவு நாட்களில் இந்த வீட்டைத் தன் கையாலேயே பூசி முடித்தார். மேலே அவர், கீழே நாங்கள். நடுவில் பன்னிரண்டு படி. வேலையை விட்டு இத்தனை வருஷம் ஆகியும் சட்டைப் பையில் தட்டைப் பென்சில் ஒன்று இருந்துகொண்டே இருக்கும். எந்த அறைக்குள் நுழைந்தாலும் விரல் முட்டி தானாகச் சுவரைத் தட்டும். உள்ளே பூச்சு செங்கல்லை விட்டுப் பிரிந்திருந்தால் சத்தம் மாறுமாம். என் கதையில் வரும் 'டொக் டொக்' அவரிடமிருந்து எடுத்ததுதான். அது ஒன்றுதான் நிஜம்.

மற்றபடி இப்படியொரு வீட்டுக்காரரைக் காசு கொடுத்தாலும் வாங்க முடியாது. குழாய் சொட்டினால் நாம் சொல்வதற்கு முன்னால் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். தன் வீட்டுக் கதவைத் தானே தட்டிவிட்டு, "வரலாமா?" என்று கேட்டு, நாம் சொன்ன பிறகுதான் உள்ளே கால் வைப்பார். வாடகையை ஏற்றுங்கள் என்று இரண்டு தடவை என் மனைவிதான் அவரிடம் போய்க் கேட்டாள், அவருக்குக் கேட்க வாய் வரவில்லை. குடிவந்த முதல் நாளே சொன்னார்: "ஆணி அடிக்கணும்னா கூப்பிடுங்க தம்பி, நானே வந்து அடிச்சுத் தரேன். பூச்சு உதிராம அடிக்க ஒரு பக்குவம் இருக்கு."

ஒன்பது வருஷத்தில் நாங்கள் ஒரு ஆணிகூட அடிக்கவில்லை. அவர் தடுத்தாரா? நான்தான் அடிக்கவிடவில்லை. ஆணி அடித்தால் இங்கேயே தங்கிவிடுவோமோ என்று எனக்கு ஒரு பயம். கடிகாரம் ஃபிரிட்ஜின் தலையில் சாய்ந்து நிற்கும். காலண்டர் ஜன்னல் கொக்கியில் தொங்கும். காற்றடித்தால் தேதி தெரியாது.

இவ்வளவு நல்ல மனுஷனை ஏன் வில்லனாக்கினாய் என்று கேட்டால், சொல்ல வெட்கமாக இருக்கிறது. கதைக்கு ஒரு வீட்டுக்காரர் தேவைப்பட்டார். எனக்குத் தெரிந்த வீட்டுக்காரர் அவர் ஒருவர்தான். சொந்த வீடு வைத்திருக்கிறவர் சொந்த வீட்டின் நன்மைகளைக் கேட்க எதற்கு வரப்போகிறார் என்று தைரியமாக இருந்துவிட்டேன்.

போன வருஷத்திலிருந்து அவருக்கு மறதி என்று அவருடைய பையன் சொல்ல ஆரம்பித்திருந்தார். பையன் என்றால் சின்னப் பையன் இல்லை, என் வயதுதான், வேறு பக்கம் குடியிருக்கிறார். ஒரு நாள் கேஸ் அடுப்பை அணைக்க மறந்துவிட்டார். இரண்டு தடவை மோட்டாரைப் போட்டுவிட்டு டேங்க் நிரம்பி வழிந்தது. "வீட்டை வித்துட்டு எங்கூட வந்துடுங்கப்பா" என்று பையன் மாடிப்படியில் நின்று சத்தம் போட்டபோது நானும் அங்கேதான் இருந்தேன். பெரியவர் பதிலுக்குக் கத்தவில்லை.

"மோட்டாரை மறக்கறதெல்லாம் மறதியாடா? வயசுப் பசங்களும்தான் மறக்கறாங்க. நடந்த விஷயம் ஒண்ணு நடந்ததாவே எனக்கு ஞாபகமில்லைன்னு ஆகட்டும். அன்னிக்கு நீ கேக்கவே வேண்டாம், நானே சாவியக் கொடுத்துடறேன். தம்பி, நீங்கதான் சாட்சி" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார்.

நானும் பல்லைக் காட்டிக்கொண்டு தலையாட்டினேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கூட்டம் நிரம்பியிருந்தது, பின்னால் மேனேஜர் கைகட்டி நின்றிருந்தார். நான் நல்ல ஓட்டத்தில் இருந்தேன். பதினான்காவது நிமிடம் வந்தது, படம் விழுந்தது, ஆணி அடித்தேன், வீட்டுக்காரர் வந்தார். 'டொக் டொக்' என்று முன்னாலிருந்த மேஜையைத் தட்டினேன். மூன்றாவது வரிசையில் ஒரு தலை நிமிர்ந்தது. தன் பெயரைக் கேட்ட மாதிரி நிமிர்ந்தது.

அவர்தான். பக்கத்தில் பையன். பையன் பெரிய வீடாக வாங்குவதற்கு விசாரிக்க வந்திருக்கிறார், அப்பாவைத் தனியே விட மனமில்லாமல் கூடவே கூட்டிவந்திருக்கிறார். இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. அந்த நிமிஷம் தெரிந்தது அவருடைய சட்டைப் பையிலிருந்த பென்சில் மட்டும்தான்.

நிறுத்தியிருக்கலாம். தண்ணீர் குடிப்பதுபோல் குடித்துவிட்டு வட்டி விகிதத்துக்குத் தாவியிருக்கலாம். கதையில் வீட்டுக்காரரை நல்லவராக்கி, "அடிச்சுக்கோங்க" என்று சொல்ல வைத்திருக்கலாம். மேனேஜர் பார்த்துக்கொண்டிருந்தார். என் வாய் பழகின பாதையில் தானாகப் போய்க்கொண்டிருந்தது. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே, "இது உங்க சுவரில்ல, கழட்டுங்க" என்றேன். குரல் உடைய வேண்டிய இடத்தில் உடைந்தது. அன்றைக்குக் கண்ணிலும் தண்ணீர் வந்துவிட்டது. ஆறு வருஷத்தில் முதல் தடவையாக நிஜமாகவே அழுகை வந்தது, வெட்கத்தில். கூட்டம் கைதட்டியது. எல்லோரும் தட்டி முடித்த பிறகு அவரும் மெதுவாக இரண்டு தட்டு தட்டினார்.

கூட்டம் கலையும்வரை கழிவறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நாற்பத்தாறு வயது ஆள். வெளியே மேனேஜர், "ஆணி சார் இன்னிக்குக் கலக்கிட்டார்" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது.

திங்கட்கிழமை சாயங்காலம் கதவு தட்டப்பட்டது. "வரலாமாம்மா?" என்று குரல். என் மனைவி கதவைத் திறந்தாள். அவர் ஒரு கையில் சுத்தியலும் இன்னொரு கையில் தீப்பெட்டியுமாக நின்றார். தீப்பெட்டிக்குள் ஆணிகள் குலுங்கின. மகள் உள்ளறையில் படித்துக்கொண்டிருந்தவள், வாசற்படிக்கு வந்து நின்றாள். அவளுக்கு இப்போது பதின்மூன்று வயது.

"தம்பி, நேத்து உங்க பேச்சைக் கேட்டேன். ரொம்ப நல்லாப் பேசினீங்க."

"ஐயா, அது வந்து..."

"இருங்க. நான் சொல்லிடறேன், அப்புறம் நீங்க பேசலாம். ராத்திரி முழுக்க யோசிச்சேன். கழட்டுங்கன்னு சொன்னது எனக்குச் சுத்தமா ஞாபகத்துக்கு வரல. ஆனா அப்படித் தட்டிப் பாக்கறவன் வேற யாரு இருக்கான்? நான்தான். சொல்லியிருக்கேன். பச்சைக் குழந்தை ஆசையா மாட்டினதைக் கழட்டச் சொல்லியிருக்கேன். அதை மறந்தும் போயிருக்கேன். இதுல எது பெரிய தப்புன்னு எனக்குத் தெரியல தம்பி. மன்னிச்சுக்கணும். பாப்பா, நீயும்தான்."

என் மனைவி என்னைப் பார்த்தாள். மகளும் அவரைப் பார்க்காமல் என்னையே பார்த்தாள்.

"எங்க அடிக்கட்டும் பாப்பா?" என்று கேட்டார். அவள் ஏதோ ஒரு இடத்தைக் காட்டினாள். அவர் முட்டியால் தட்டி, இரண்டு விரற்கடை தள்ளி, பென்சிலால் ஒரு புள்ளி வைத்து, நாலே அடியில் ஆணியை இறக்கினார். தரையில் ஒரு துகள் உதிரவில்லை. ஆணியை ஆட்டிப் பார்த்துத் திருப்தியாகத் தலையசைத்தார்.

"சனிக்கிழமை பையன் வரான். சாவியக் கொடுத்துடலாம்னு இருக்கேன். நீங்கதானே சாட்சி, நான் சொன்ன வார்த்தைக்கு? இதையே மறந்தவன் இன்னும் என்னென்ன மறந்திருக்கேனோ. நாளைக்கு அடுப்பை மறந்தா கீழ இருக்கறது நீங்க மூணு பேரும்தான்."

வாயைத் திறந்தேன். "டீ குடிக்கிறீங்களா ஐயா?" என்றுதான் வந்தது.

"வேண்டாம் தம்பி" என்று சொல்லிவிட்டு மாடியேறிப் போனார். ஒவ்வொரு படிக்கும் நின்று நின்று ஏறுகிற சத்தம் கேட்டது. மகள் உள்ளறைக்குப் போய்விட்டாள்.

"எந்த ஆணி?" என்றாள் என் மனைவி. "அவர் எப்போ கழட்டச் சொன்னார்?"

சொன்னேன். முழுவதையும் சொன்னேன், குரல் உடைகிற இடம் உட்பட. அவள் சோபாவின் நுனியில் உட்கார்ந்து கேட்டாள். கேட்டு முடித்தவுடன் சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்தேன். போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

"எனக்குக் காய்ச்சல் வந்தப்ப மழையில நனைஞ்சுக்கிட்டு மாத்திரை வாங்கிட்டு வந்தவரு அவரு. நீங்க அப்போ கூட்டத்துல இருந்தீங்க. அவரைத் திட்டிக்கிட்டு இருந்திருப்பீங்க போல" என்றாள். பிறகு, "மேல போய்ச் சொல்லிட்டு வாங்க" என்றாள்.

"சொல்றேன்."

"எப்போ?"

"சொல்றேன்னு சொல்றேனே!" என்று எரிந்து விழுந்தேன். எனக்குக் கோபம் மட்டும் நேரத்துக்கு வந்துவிடும்.

செவ்வாய்க்கிழமை நாலு படி ஏறினேன். புதன்கிழமை ஏழு படி. மேலே அவர் தனக்குத் தானே ஏதோ எண்ணிக்கொண்டிருந்தது கேட்டது. "அடுப்பு அணைச்சாச்சு, மோட்டார் அணைச்சாச்சு, பின் கதவு சாத்தியாச்சு." ஒரு தடவை சொல்லி முடித்துவிட்டுத் திரும்பவும் முதலிலிருந்து சொன்னார். மூன்றாவது தடவை ஆரம்பித்தபோது நான் இறங்கிவிட்டேன். வியாழக்கிழமை அலுவலகத்தில் வேலை இருப்பதாகச் சொல்லித் தாமதமாக வந்தேன். வேலை ஒன்றும் இல்லை, பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்திருந்தேன். ஹாலில் அந்த ஆணி வெறுமனே நின்றது. காலண்டரையாவது மாட்டலாம் என்று எடுத்தேன். "அதுல கை வைக்காதீங்க" என்றாள் மனைவி. மகள் அந்த வாரம் முழுக்க என்னிடம் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. பரீட்சை நேரம் என்று நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை அப்பாவும் மகனுமாக இறங்கி வந்தார்கள். பெரியவர் நன்றாகச் சலவை செய்த சட்டை போட்டிருந்தார். கையில் சாவிக்கொத்து. உட்காரச் சொன்னோம். பையன்தான் ஆரம்பித்தார்.

"சார், அப்பா என்கூட வந்துடறார். வீட்டை வித்துடலாம்னு இருக்கோம். உங்களுக்கு ரெண்டு மாசம் டைம் போதும் இல்லையா? எப்படியும் நீங்களே சொந்தமா வாங்கற முடிவுலதானே இருக்கீங்க."

பெரியவர் சாவிக்கொத்தை ஒரு விரலிலிருந்து இன்னொரு விரலுக்கு மாற்றிக்கொண்டிருந்தார். என் மனைவி சமையலறை வாசலில் நின்று என்னையே பார்த்தாள். இனியும் வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்தச் சாவி கை மாறிவிடும்.

"ஐயா, நீங்க எதையும் மறக்கல" என்றேன். "அப்படி ஒண்ணு நடக்கவே இல்ல. நான் ஆணியே அடிக்கல. நீங்க கழட்டச் சொல்லவும் இல்ல. கூட்டத்துல ஆளுங்களைப் பிடிக்கறதுக்காக நானே கட்டின கதை. உங்களை வச்சுக் கட்டினேன். மன்னிச்சுடுங்க."

சொல்லிவிட்டேன். தலை குனிந்து நின்றேன். திட்டு விழும், விழட்டும் என்று காத்திருந்தேன். நடந்தது வேறு.

பையன் சிரித்தார். "காலி பண்ணணும்னு சொன்னதும் கதை மாறுதா சார்? அன்னிக்கு நாப்பது பேர் முன்னாடி கண் கலங்கினீங்களே, அதுவும் கட்டின கதையா?"

"ஆமா."

"விடுடா" என்றார் பெரியவர். என் தோளில் கை வைத்தார். "என் மனசு நோகக்கூடாதுன்னு சொல்றார். தம்பி, நான் உங்க முகத்தைத்தானே பாத்துக்கிட்டு இருந்தேன். பொய் சொல்றவன் கண்ணுல அப்படித் தண்ணி வராது. நீங்க நல்லவரு."

அந்தக் கை தோளில் இருந்தபோது நான் பட்ட கூச்சத்தை எப்படிச் சொல்வேன். ஓங்கி அறைந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். ஆறு வருஷம் பொய்யை ஊரே நம்பும்படி சொன்னவனுக்கு, ஒரே ஒரு உண்மையை ஒரே ஒரு ஆளிடம் சொல்லத் தெரியவில்லை.

"ஐயா, என்னை நம்ப வேண்டாம். உங்க கையை நம்புங்க" என்றேன். "ஆணி அடிச்சுக் கழட்டியிருந்தா ஓட்டை இருக்கணும். நான் எப்படி அடைச்சிருந்தாலும் உங்க கைக்குத் தெரியாமப் போகாது. தடவிப் பாருங்க."

அவர் முகம் மாறியது. சாவிக்கொத்தை மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்தார். ஹால் சுவரின் ஜன்னல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தார். உள்ளங்கையைப் பரப்பி, தலை உயரம், நெஞ்சு உயரம், இடுப்பு உயரம் என்று மூன்று வரிசையாகத் தடவிக்கொண்டே நகர்ந்தார். கண்ணை மூடிக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை அடித்த ஆணியைத் தவிர ஒன்றும் இல்லை. கதவுப் பக்கம் போனார், ஒன்றும் இல்லை. மூச்சு வாங்கியது.

"ஃபிரிட்ஜுக்குப் பின்னாடி பாக்கலையே" என்றார் பையன்.

"பாருங்க, நல்லாப் பாருங்க" என்றேன் நான். நானே பிடித்து நகர்த்தினேன். அவ்வளவு நிச்சயம் எனக்கு.

அவர் கை அங்கே போய், கீழே இறங்கி, ஒரு குழந்தை எட்டுகிற உயரத்தில் நின்றது. குனிந்து பார்த்தார். பெயிண்ட் உரிந்து நாலு சின்னத் தழும்பு. ஒரு காகிதத்தின் நாலு மூலை எங்கே இருக்குமோ அங்கே.

"ஆணி இல்ல. டேப் போட்டு ஒட்டினது" என்றார். "ஒட்டினதைப் பிய்ச்சு எடுத்திருக்கு."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. சத்தியமாகப் புரியவில்லை. உள்ளறை வாசலிலிருந்து என் மகள் பேசினாள்.

"அது நான் ஒட்டினது தாத்தா."

எல்லோரும் திரும்பினோம்.

"அந்த வீட்டுப் படம். நீங்க எடுக்கச் சொல்லல, அப்பாதான் சொன்னார். 'இது நம்ம சுவர் இல்ல, எடு'ன்னு கத்தினார். நான் எடுக்க மாட்டேன்னு நின்னேன். அவரே பிய்ச்சு எடுத்தார். அப்புறம் பெயிண்ட் உரிஞ்சது தெரியுதுன்னு ஃபிரிட்ஜை இங்க நகத்தி வச்சார்."

அவள் சொல்லச் சொல்ல எனக்கு அந்தச் சாயங்காலம் முழுசாகத் திரும்பி வந்தது. கடன் விண்ணப்பம் திரும்பி வந்த நாள் அது. செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தேன். சுவரில் படம் இருந்தது, கீழே அவள் சிரித்துக்கொண்டு நின்றாள், நான் பாராட்டுவேன் என்று. அந்த வாக்கியத்தைச் சொன்னது நான். சொன்ன வாய் என்னுடையது. அடுத்த வருஷம் அதே வாக்கியத்தை எடுத்து இந்த மனுஷர் வாயில் வைத்து, ஆறு வருஷம் மேடையில் அழுதிருக்கிறேன். மறந்தவர் அவர் இல்லை, நான்.

"நம்ம சுவர் எங்க இருக்குன்னு..." என்று ஆரம்பித்தேன். எதற்குக் கேட்டேன் என்று தெரியவில்லை.

"அதெல்லாம் நான் கேக்கலப்பா. படத்தைக் குடுங்கன்னுதான் கேட்டேன். நீங்க குடுக்கல." அவள் குரல் உடையவில்லை. "திங்கக்கிழமையே தாத்தாகிட்ட சொல்லியிருப்பேன். நீங்களே சொல்லிடுவீங்கன்னு இருந்தேன்."

பெரியவர் நிமிர்ந்து, மேஜைமேலிருந்த சாவிக்கொத்தை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டார். மகனைப் பார்த்து, "எனக்கு மறக்கலடா" என்றார். இன்னொரு தடவையும் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார். இந்தத் தடவை தோளில் கை வைக்கவில்லை.

"ஆறு நாள் நான் தூங்கல தம்பி. என் சம்சாரம் முகம் ஞாபகம் இருக்கான்னு எழுந்து எழுந்து யோசிச்சுப் பாத்துக்கிட்டேன்." வெளியே மாடிப்படிப் பக்கம் கையைக் காட்டினார். "பன்னெண்டு படிதானே?"

ஏழாவது படிவரை வந்தேன் ஐயா என்று சொல்ல முடியுமா?

"அந்தப் படம் இப்போ எங்க?" என்று கேட்டார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை ஆனதால் கூட்டத்துக்கான கோப்பு என் பையில்தான் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக இருந்தது. ஒரு கதவு, இரண்டு ஜன்னல், வாசலில் மூன்று பேர். தொலைந்துபோய்விட்டது என்று நினைத்திருந்த படத்தை மகள் ஏழு வருஷம் கழித்து வாங்கிப் பார்த்தாள். திருப்பியும் பார்த்தாள்.

"பாதிதான் இருக்கு" என்றாள். "மேல்மாடி எங்கப்பா?"

திரையில் சரியாக விழ வேண்டும் என்பதற்காகவும், சொந்த வீடு மாதிரி தெரிய வேண்டும் என்பதற்காகவும், மேல் பாதியை நான் கத்தரித்திருந்தேன். கத்தரித்த துண்டு அன்றே குப்பைக்குப் போய்விட்டது. அதை அவளிடம் சொன்னேன்.

"மேல யாரு இருந்தா பாப்பா?" என்று பெரியவர் கேட்டார்.

"நீங்கதான் தாத்தா. பையில பென்சில் வச்சுக்கிட்டு."

அவர் படத்தை உறையோடு வாங்கினார். மேல் ஓரத்தில் பென்சிலால் ஒரு சின்ன ஓட்டை போட்டார். தான் அடித்த ஆணியில் மாட்டினார். இரண்டு அடி பின்னால் வந்து, தலையைச் சாய்த்துப் பார்த்தார். ஒரு மூலையை முட்டியால் மெல்லத் தட்டினார்.

"நேரா இருக்கா தம்பி?" என்று என்னைக் கேட்டார்.

"இருக்கு ஐயா" என்றேன். தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன்.